ஃபிளாஷ் நினைவகத்திற்கு ஏற்ற கோப்பு முறைமை

எழுதப்படும் பொருளுக்கு ஏற்ப எழுதும் முறையும் வேறுபடும் என்பது யாவரும் அறிந்ததே. கல்லில் வெட்டுவான் சொற்களைச் சுருக்குகின்றான். ஓலையில் எழுதுவான் மெய்யெழுத்துக்களுக்குப் புள்ளியிடாது விடுகின்றான், என்னை? புள்ளியிடின் எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்னும் அச்சத்தால் என்க. காகிதமும் அச்சும் வந்தபின் இவ்விரு கட்டுப்பாடுகளும் நீங்கின. இற்றைநாளிலோ நம் எழுத்தும் ஒலியும் படமும் பெரும்பாலும் தங்குவது கல்லிலும் அன்று, ஓலையிலும் அன்று, காகிதத்திலும் அன்று. நகக்கண் அளவினதாகிய ஒரு சிலிக்கன் துண்டிலேயாம். அத்துண்டிற்கும் தனக்கென ஓர் இயல்பு உண்டு. அவ்வியல்பை அறிந்து அதற்கேற்ற கோப்பு முறைமையைத் தெரிந்துகொள்ளுதல் எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும். தமிழ் ஆனர்ஸ் மாணவன் ஒருவன் இத்துறையிற் புகுந்தமை கண்டு விஞ்ஞான வகுப்பு நண்பர்கள் நகைத்தல் கூடும். அங்ஙனம் புகுந்ததன் காரணம் பின்னர் விளங்கும்.

முதற்கண் கோப்பு முறைமை என்பது யாது என நோக்குவோம். நினைவகம் தன்னளவில் எண்ணிடப்பட்ட அறைகளின் நீண்ட வரிசையே. எக்கோப்பு எவ்வறைகளில் கிடக்கின்றது, எவ்வறை வெற்றறை, எக்கோப்பிற்கு யாது பெயர் என்னும் கணக்கே கோப்பு முறைமை. விருதுநகரிற் பருப்பு மண்டிகளைக் கண்டார்க்கு இதனை விளக்குதல் எளிது. மூட்டைகள் கிட்டங்கியில் அடுக்கப்பட்டிருக்கும். அவை எவருடையவை, எவ்வடுக்கில் உள்ளன என்பதோ கணக்கப்பிள்ளையின் பேரேட்டில் இருக்கும். பேரேடு தொலைந்தவிடத்து மூட்டைகள் இருந்தும் இல்லாதனவே ஆகும். பழுதுபட்டதென நாம் வருந்தும் மெமரி கார்டுகள் பலவற்றில் மூட்டைகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன, பேரேடுதான் கிழிந்துபோயிற்று.

இனி நினைவகத்தின் இயல்பு. ஃபிளாஷ் நினைவகத்தைக் கண்டவர் ஜப்பான் நாட்டுத் தோஷிபா கம்பெனியிற் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா என்னும் பொறியறிஞர். 1984-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரிற் கூடிய மாநாட்டில் அதனை அவர் வெளியிட்டார். 1987-இல் நாண்ட் எனப்படும் வகையை அறிவித்தார். இன்று பென் டிரைவ், மெமரி கார்டு, கைப்பேசி, எஸ்.எஸ்.டி. ஆகிய யாவற்றினும் கோப்புக்களைத் தாங்குவது இந்நாண்ட் வகையே. உள்ளிருப்பதை ஒருங்கே அழிக்கும் விரைவு புகைப்படக் கருவியின் ஃபிளாஷ் ஒளியை நினைவூட்டியதால் உடன் பணியாற்றிய அரிஇசுமி என்பார் இப்பெயரைச் சொன்னார் என்பர். சிவகாசிப் பக்கத்தார்க்கு ஃபிளாஷ் என்ற மாத்திரத்தில் வேறொரு பொடியே நினைவிற்கு வரும்; ஈண்டு அவ்வச்சம் வேண்டா.

தேர்தற்காலத்து எம்மூர்ச் சுவர்களை நோக்குமின். வெள்ளையடித்த சுவரில் எழுதலாம், எழுதியதன்மேல் எழுதலாகாது. ஒரு சொல்லை மாற்ற வேண்டினும் சுவர் முழுவதையும் வெள்ளையடித்தே ஆதல் வேண்டும். ஃபிளாஷ் நினைவகமும் அத்தகையது. அதில் எழுதும் அலகு பக்கம் எனப்படும். அது சில ஆயிரம் பைட்டுகளைக் கொள்ளும். அழிக்கும் அலகோ பிளாக் எனப்படும் தொகுதி. அது நூற்றுக்கணக்கான பக்கங்களை உடையது. எழுதப்பட்ட பக்கம் ஒன்றை அவ்விடத்திலேயே திருத்துதல் இயலாது; தொகுதி முழுவதும் அழிந்த பின்னரே அப்பக்கம் மீளவும் எழுதற்கு ஆகும். இதனோடு அமைந்ததோ? இல்லை. வெள்ளையடிக்கச் சுரண்டுந்தோறும் சுவரின் காரை சிறிது உதிர்வதுபோல, அழிக்குந்தோறும் கலத்தின் காப்புப் படலம் சிறிது தேய்கின்றது. கலத்திற்கு ஒரு பிட் வைக்கும் பழைய வகை ஏறத்தாழ 1,00,000 முறை அழித்தலைத் தாங்கும். மூன்று பிட்டுகளை ஒரு கலத்தில் அடக்கும் இக்கால வகை ஆயிரம் முதற் சில ஆயிரம் முறைகளே தாங்கும். விலை குறைந்ததற்கு ஈடாக ஆயுளும் குறைந்தது.

சுழலும் வன்தட்டிற்கென எழுந்த கோப்பு முறைமைகள் பேரேட்டை ஓரிடத்தில் நிலைநிறுத்தி, அவ்விடத்தையே மீண்டும் மீண்டும் திருத்துவன. அவற்றை ஃபிளாஷ் துண்டின்மேல் நேரே வைப்பின் பேரேடு இருக்கும் தொகுதி விரைவிற் செத்தொழியும். இதற்கு இருவகைப் பரிகாரம் கண்டனர். முதலாவது, கோப்பு முறைமையையே ஃபிளாஷிற்கென அமைத்தல். சுவீடன் தேசத்து ஆக்ஸிஸ் கம்பெனியார் 1999-இல் அமைத்த ஜே.எப்.எப்.எஸ்., அதன்பின் 2001-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு, 2008-இல் லினக்ஸிற் சேர்ந்த யூ.பி.ஐ.எப்.எஸ். என்பன இவ்வகையின. வீடுகளிலுள்ள வைஃபை ரௌட்டர்கள் பலவற்றில் இன்றும் இவையே தொழில் செய்கின்றன. இரண்டாவது, நினைவகத்தின் உள்ளேயே சிறு கணக்கன் ஒருவனை அமர்த்துதல். கண்ட்ரோலர் எனப்படும் அச்சில்லு, வெளியார்க்குப் பழைய வன்தட்டைப்போல எண்ணிட்ட அறைகளைக் காட்டி, உள்ளே ஒவ்வொரு முறையும் வேறு வேறு பக்கத்தில் எழுதி, தேய்மானம் எல்லாத் தொகுதிகளுக்கும் ஒப்பப் பரவுமாறு செய்கின்றது. பென் டிரைவும் மெமரி கார்டும் எஸ்.எஸ்.டி.யும் இவ்விரண்டாம் வகையினவே. ஆதலின் அவற்றின்மேல் ஜே.எப்.எப்.எஸ். வேண்டும் என்பார் கூற்று பொருந்தாது. அது காவற்காரனுக்குக் காவல் வைப்பதாய் முடியும்.

இக்கணக்கன் இருத்தலை அறியாமையாற் பலர் வீணே அஞ்சுகின்றனர். கோப்பு முறைமையின் சிட்டை எழுத்து எஸ்.எஸ்.டி.யைத் தின்றுவிடும் ஆகலின் அதனை நிறுத்துக என்னும் அறிவுரை இன்னும் வழங்குகின்றது. கணக்கிட்டுப் பார்ப்போம். 256 ஜி.பி. கொள்ளளவுடையதோர் எஸ்.எஸ்.டி. 1,000 முறை அழித்தலைத் தாங்கும் எனக் கொள்க. நாள்தோறும் 20 ஜி.பி. எழுதுகின்றோம், உள்ளே இடமாற்றத்தால் அஃது இருமடங்காகி 40 ஜி.பி. ஆகின்றது எனவும் கொள்க. அங்ஙனமாயின் 6,400 நாள், அஃதாவது பதினேழு ஆண்டிற்கு மேல் அது உழைக்கும். மாணவர் ஒருவர் நாளொன்றுக்கு 20 ஜி.பி. எழுதுதல் யான் கண்டதில்லை. மெய்யாகச் செய்யவேண்டுவது வேறொன்று. கோப்பை நாம் அழிக்குங்கால் பேரேட்டில் மட்டுமே அடித்தெழுதுகின்றோம். உள்ளிருக்கும் கணக்கனோ அப்பக்கங்கள் இன்னும் உயிருள்ளன என்றெண்ணி இடமாற்றுந்தோறும் அவற்றையும் சுமந்து திரிகின்றான். குடிபோன செய்தியை வீட்டுக்காரனுக்குச் சொல்லாத குடித்தனக்காரன் போல்வது இது. அச்செய்தியை அறிவிக்கும் ஆணைக்கு டிரிம் என்று பெயர். விண்டோஸில் 2009 முதல் இது தானே நிகழ்கின்றது. லினக்ஸிலும் பல வெளியீடுகள் வாரம் ஒருமுறை இதனைச் செய்கின்றன. கோப்பு முறைமையைத் தெரிவார் முதலிற் கேட்கவேண்டிய வினா, அது டிரிமை அறியுமா என்பதே.

மேற்சொன்ன சிட்டை என்பது யாது? நம் வணிகர் வரவு செலவை உடனே பேரேட்டில் ஏற்றுவதில்லை. முதலிற் சிட்டையிற் குறித்துப் பின்னர்ப் பேரேட்டிற் பதிவர். ஏற்றும்போது விளக்கு அணைந்தாலும் சிட்டையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். 1993-இல் வெளிவந்த விண்டோஸின் என்.டி.எப்.எஸ்., 2008-இல் முற்றுப்பெற்ற லினக்ஸின் எக்ஸ்ட்-4 ஆகியவை இம்முறையின. எக்ஸ்ட்-4 வழக்கமான நிலையிற் கோப்பின் பொருளையெல்லாம் இருமுறை எழுதுவதில்லை; பேரேட்டுச் செய்தியை மட்டுமே சிட்டையில் எழுதுகின்றது. ஆதலாற் செலவு சிறிது, பயன் பெரிது.

மற்றொரு கூட்டம் சிட்டையும் வேண்டா, பழைய ஏட்டைத் தொடவும் வேண்டா என்பது. மாற்றிய பக்கத்தைப் புதிய இடத்தில் முழுதும் எழுதி முடித்து, இறுதியாகத் தலைப்பேட்டின் சுட்டியை மட்டும் புதியதன்பால் திருப்பும். இடையில் மின்சாரம் போயினும் பழைய ஏடு பழுதின்றி நிற்கும். லினக்ஸின் பி.டி.ஆர்.எப்.எஸ்., ஆப்பிள் கம்பெனியார் 2017-இற் கொணர்ந்த ஏ.பி.எப்.எஸ். ஆகியன இவ்வகையின.

மூன்றாவது முறை இன்னும் துணிவுடையது: பேரேடே வேண்டா, சிட்டையே போதும், எல்லாவற்றையும் வரிசையாக அதன் இறுதியிற் சேர்த்துக்கொண்டே போவோம் என்பது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ரோசன்ப்ளம், ஆஸ்டர்ஹவுட் என்னும் இருவர் 1991-இல் இதனை விளக்கி எழுதினர். அவர்கள் கருதியது வன்தட்டின் முள் அங்குமிங்கும் அலைதலைத் தவிர்க்கவே. ஃபிளாஷைப் பற்றி அவர்கள் எண்ணவில்லை. ஆயினும் எழுதியதன்மேல் எழுதாத அம்முறை ஃபிளாஷிற்கென்றே பிறந்ததுபோல் அமைந்தது. கொரியாவின் சாம்சங் கம்பெனியார் அதனைத் தழுவி எப்-டூ-எப்.எஸ். என்பதை ஆக்கினர், 2013 பிப்ரவரியில் அது லினக்ஸிற் சேர்ந்தது. இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் நம் படங்கள் இருப்பது இதன்மேலேயே. மலிவான மெமரி கார்டுகளிற் கண்ட்ரோலர் ஏழைக் கணக்கனாதலின், சிதறிய சிறு எழுத்துக்களைக் கண்டு திணறும், ஆண்டு எப்-டூ-எப்.எஸ். வரிசைப்படுத்திக் கொடுத்தலால் வேகம் மிகும். நல்ல எஸ்.எஸ்.டி.யில் அவ்வளவு வேறுபாடு தோன்றாது. உள்ளிருக்கும் கண்ட்ரோலரே அவ்வேலையைச் செய்துகொண்டிருக்கின்றது.

மின்வெட்டைப் பற்றி நம் பக்கத்தார்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. மின்சாரம் திடீரென நிற்குங்கால் கோப்பு முறைமைகள் யாது செய்கின்றன என்பதை ஆராய்ந்தோருள் தமிழ்ப் பெயரினர் பலர் உளர் என்பது மகிழ்தற்குரியது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 2005-இல் விஜயன் பிரபாகரன், லட்சுமி பைரவசுந்தரம் முதலியோர், வட்டின் ஒரு பகுதி மட்டும் பழுதுபடின் அந்நாளைய கோப்பு முறைமைகள் ஒழுங்கற்ற முறையில் நடந்துகொள்ளுதலைக் காட்டினர். அவ்விடத்திலேயே 2014-இல் தாணுமாலயன் சங்கரநாராயண பிள்ளை, விஜய் சிதம்பரம், ராம்நாத்தன் அழகப்பன் முதலியோர் மற்றோர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். (தாணுமாலயன் என்ற பெயரைக் கேட்டவுடன் தென்னாட்டார்க்குச் சுசீந்திரம் நினைவிற்கு வாராதிராது.) பலராலும் பெரிதும் பயன்படுத்தப்படும் பதினொரு மென்பொருள்களை அவர்கள் எடுத்துக்கொண்டு, எந்நொடியில் மின்சாரம் நின்றால் எந்நிலை எய்தும் என்பதை ஒரு கருவியால் ஆய்ந்து, 60 குறைகளைக் கண்டனர்.

அவற்றின் வேர் யாது? புதிய பிரதியை வேறொரு பெயரில் எழுதிவிட்டுப் பழைய பெயரை அதற்குச் சூட்டுதல் மென்பொருள்களின் வழக்கம். நாம் செய்த வரிசையிலேயே இவ்விரண்டும் வட்டிற்குச் செல்லும் என அவை நம்புகின்றன. சில கோப்பு முறைமைகளிற் பெயர் முன்னே சென்று பொருள் பின்தங்குதலும் உண்டு. அவ்விடைவெளியில் மின்சாரம் நின்றால் பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இராது. எக்ஸ்ட்-4 இல் 2009-ஆம் ஆண்டு பலர் இத்தகைய வெற்றுக்கோப்புக்களைக் கண்டு முறையிட்டனர். அதன்பின் பெயர் மாற்றுமுன் பொருளை எழுதுமாறு அது திருத்தப்பட்டது. ஆதலின் புதியது, விரைவானது என்னும் புகழ் ஒன்றையே கண்டு ஒரு கோப்பு முறைமையைக் கொள்ளுதல் தகாது. பல்லாண்டு பலரால் அடிபட்டுத் திருத்தம் பெற்ற எக்ஸ்ட்-4 ஐ யான் மேலாகக் கருதுவது இதுபற்றியே.

கோப்பு முறைமை எத்துணை நேர்மையுடையதாயினும் கீழிருக்கும் வட்டு பொய் சொன்னால் அது யாது செய்யும்? ஓஹையோ அரசுப் பல்கலைக்கழகத்தார் முதலியோர் 2013-இல் 15 எஸ்.எஸ்.டி.களை எடுத்து, எழுதும்பொழுதே மின்சாரத்தைப் பலமுறை துண்டித்துச் சோதித்தனர். அவற்றுள் 13 ஏதேனும் ஒருவகையிற் பழுது காட்டின. எழுதிவிட்டேன் என்று அறிவித்தபின் இழந்தனவும் அவற்றுள் உண்டு. பெரிய நிறுவனங்களுக்கென விற்கப்படும் எஸ்.எஸ்.டி.களில் மின்சாரம் நின்றபின்னும் சில கணம் உயிர்தாங்கும் கபாசிட்டர்களை வைக்கின்றனர். மடிக்கணினிக்கு அதன் பாட்டரியே அத்துணை செய்கின்றது. மேசைக் கணினி உடையார் யு.பி.எஸ். ஒன்று வாங்குதல், கோப்பு முறைமைகளைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருப்பதினும் சிறந்தது.

இனிக் கைமாறிச் செல்லும் பென் டிரைவையும் கார்டையும் பற்றிச் சில சொல்வேன். சிவகாசி அச்சகங்களில் காலண்டர் படங்கள் பென் டிரைவிற் போகின்றன, வருகின்றன. கொண்டு செல்வார் எக்ஸ்ட்-4 இல் எழுதிச் சென்றால் அங்குள்ள விண்டோஸ் கணினி அதனைத் திறவாது. என்.டி.எப்.எஸ். ஆயின் ஆப்பிள் கணினி படிக்கும், தானாக எழுதாது. ஈண்டுத் தெரிவு ஃபிளாஷின் இயல்பைப் பொறுத்ததன்று, படிப்போரைப் பொறுத்தது. ஃபேட்-32 யாவரும் படிப்பது. ஆயின் 4 ஜி.பி.யை எட்டும் கோப்பு அதில் அடங்காது. நொடிக்கு 50 மெகாபிட் வீதம் கலியாணப் படம் எடுப்பார்க்குப் பதினொரு நிமிஷத்திலேயே அவ்வெல்லை வந்துவிடும். தாலி கட்டும் வேளையிற் கோப்பு இரண்டாய் முறிதல் அக்காலத்து ஸ்டுடியோக்காரர் நன்கு அறிந்த துன்பம். 2006-இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட எக்ஸ்-ஃபேட் இவ்வெல்லையை நீக்கியது. 32 ஜி.பி.க்கு மேற்பட்ட எஸ்.டி. கார்டுகளுக்கு அதுவே விதிக்கப்பட்ட முறைமை. 2019-இல் அதன் இலக்கணம் பொதுவில் வெளியிடப்பட்டமையால் லினக்ஸும் இன்று அதனைத் தடையின்றிப் படிக்கின்றது. குறை யாதெனின், இவ்விரண்டிற்கும் சிட்டை இல்லை. எழுதும் நடுவே பிடுங்கினால் பேரேடு கிழியும். ஆகவே, கணினி விடைகொடுக்கும் வரை பொறுத்து எடுத்தல் சம்பிரதாயம் அன்று. அவ்வொன்றே இவற்றிற்குக் காவல்.

முன்னர்க் குறித்த காரணத்தை இங்கே சொல்லிவிடுகின்றேன். விருதுநகர் மாவட்டத்துக் காரியாபட்டி வட்டத்தைச் சேர்ந்த மல்லாங்கிணறு எம்மூர். தீப்பெட்டி ஒட்டியும் காட்டுவேலை செய்தும் காலங்கழித்த பாட்டிமார் சிலர் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் ஏறத்தாழ நாற்பது, இரண்டாண்டாகக் கைப்பேசியிற் பதிவு செய்துள்ளேன். பாடியவருள் இருவர் இன்று இலர். அப்பாட்டுக்கள் அச்சில் எங்கும் இல்லை. அவர்தம் குரல் அக்கோப்புக்களில் மட்டுமே இருக்கின்றது. ஆதலின் எக்கோப்பு முறைமை என்பது எனக்குப் பொழுதுபோக்கு வினா அன்று.

இங்கே ஓலைச்சுவடி பயில்வார்க்கு நன்கு தெரிந்த ஒரு செய்தி உதவுகின்றது. ஓலை செல்லரிக்கும், ஆதலால் முன்னோர் தலைமுறைதோறும் படியெடுத்தனர். படியெடுக்குங்கால் பிழை புகுந்தது. உ. வே. சாமிநாதையர் 1887-இற் சீவகசிந்தாமணியை அச்சிடுமுன் பல சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கியது பாடபேதங்களுள் மெய்ப்பாடத்தைக் காண்டற்கே. ஒரு சுவடி மட்டும் இருப்பின் பிழை இருப்பதே தெரியாது. இரண்டிருப்பின் வேறுபாடு தெரியும், எது சரி என்பது தெரியாது. அதற்குப் புலமை வேண்டும். ஃபிளாஷ் நினைவகத்திலும் இதே நிலை. கலத்தினுள் அடைபட்ட மின்னூட்டம் நாளடைவிற் கசியும். குறித்த அளவு தேய்ந்த எஸ்.எஸ்.டி., மின்சாரமின்றி 30 பாகை வெப்பத்தில் ஓராண்டு பொருளைக் காத்தல் போதும் என்பதே பொதுப் பயன்பாட்டு எஸ்.எஸ்.டி.க்கு ஜெடெக் வகுத்த விதி. வெப்பம் மிகின் கசிவும் மிகும். சித்திரை வைகாசியில் எம்மூர்த் தகரக் கூரையின்கீழ் 30 பாகை என்பது விடியற்காலத்து நிலை! புதிய வட்டு இதனினும் நெடுங்காலம் தாங்கும் என்பது மெய்யே. ஆயினும் பீரோவிற் பூட்டி மறந்துவிடுதற்கு உரிய பொருள் அஃது அன்று.

எக்ஸ்ட்-4 தன் பேரேட்டைச் சரிபார்க்கும். கோப்பின் உள்ளே ஒரு பிட் மாறியதை அறியாது. பி.டி.ஆர்.எப்.எஸ். ஒவ்வொரு துண்டிற்கும் செக்சம் எனப்படும் சரிபார்ப்பெண்ணைக் கணக்கிட்டு வைக்கின்றது. படிக்குங்கால் எண் பொருந்தாவிடின், கேட்பார்க்குப் பிழையைக் கொடாது மறுத்துவிடும். மற்றொரு படி இருப்பின் எது மெய்ப்பாடம் என்பதில் ஐயமே எழாது. புலவர் வேலையைக் கணக்கு செய்துவிடுகின்றது. இவ்வொரு குணத்திற்காகவே பதிவுகளைக் காத்தற்கு அதனைத் தெரிந்துகொண்டேன். நாள்தோறும் எழுதும் மடிக்கணினியில் எக்ஸ்ட்-4 இருக்கின்றது. ஒருவரே இரண்டும் கையாள்வது முரண் அன்று. சிட்டை எழுதும் ஏடும் பத்திரம் எழுதும் ஏடும் வேறுவேறு அல்லவோ?

பதிவுகளின் படிகள் இரண்டு வெளி வட்டுகளில் உள்ளன. ஒன்று வீட்டில், மற்றொன்று கல்லூரி விடுதியில். பட்டாசுத் தொழிற்சாலைகளில் அறைகளைத் தள்ளித்தள்ளிக் கட்டுவதன் காரணம் எம் மாவட்டத்தார்க்குத் தெரியும். விடுமுறைதோறும் இரண்டையும் மின்னிணைத்து ஸ்கிரப் என்னும் ஆணையை இடுகின்றேன். அது ஒவ்வொரு துண்டையும் படித்து எண்ணோடு ஒப்பிடும். ஒன்றிற் பழுது தோன்றின் அக்கோப்பை மற்றதினின்று படியெடுத்தல் வேண்டும், இதுகாறும் தோன்றவில்லை. நாற்பது பாட்டிற்கு இவ்வேலை ஒரு குவளைத் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடுகின்றது. பாட்டிமாரின் பேரப்பிள்ளைகள் தங்களுக்கும் வேண்டுமென்று கேட்டனர். அவர்களிடம் இருப்பவை விண்டோஸ் கணினியும் தொலைக்காட்சிப் பெட்டியும் ஆதலின், அவர்களுக்குக் கொடுத்த பென் டிரைவுகளை எக்ஸ்-ஃபேட்டிலேயே எழுதிக் கொடுத்தேன்.